மதர்போர்டை மாற்றி விண்டோஸை மாற்றாமல்: ஒரு பழுதுபார்ப்பு வழக்கத்தின் வரலாறு

மதர்போர்டு பழுதான கணினியில் போர்டை மட்டும் மாற்றிவிட்டு, ஹார்ட் டிஸ்கில் இருக்கும் இயங்குதளத்தையும் மென்பொருள்களையும் கோப்புகளையும் அப்படியே ஓடவைப்பது, பெர்சனல் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்தே பழுதுபார்ப்பவர்கள் செய்துவரும் வேலை. 1980களில் அதற்கு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் போதும். 1995க்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அது கைதேர்ந்தவர்களையே திணறடித்தது. இப்போது திரும்பவும் எளிதாகியிருக்கிறது. ஆனால் சிக்கல் வேறு இடத்துக்குப் போய்விட்டது. இந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் ஒரே கேள்வியை வைத்துப் புரிந்துகொள்ளலாம்: கணினியின் வன்பொருள் இன்னதென்ற குறிப்பு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? போர்டிலா, டிஸ்கிலா, தொலைவில் இருக்கும் சர்வரிலா?

1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட 5150 பிசியில் அந்தக் குறிப்பு போர்டிலேயே, கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. எட்டு எட்டாக இரண்டு தொகுதிச் சிறு சுவிட்சுகள். எத்தனை ஃபிளாப்பி டிரைவ், எந்த வகைத் திரை, எவ்வளவு மெமரி, கணக்குக்கென்று தனிச் சிப் உண்டா என்பதையெல்லாம் அந்தச் சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளித்தான் சொல்ல வேண்டும். போர்டை மாற்றுகிறவர் பழைய போர்டின் சுவிட்சுகள் எந்த நிலையில் இருந்தனவோ அதே நிலையில் புதியதையும் வைத்தால் வேலை முடிந்தது. டாஸ் இயங்குதளத்துக்கு போர்டைப் பற்றித் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. டிஸ்கிலிருந்து ஒரு பகுதியைப் படிக்க வேண்டுமானால் அது ரோம் சிப்பில் இருக்கும் பயாஸைக் கேட்கும். எந்தச் சிப்போடு எப்படிப் பேசுவது என்பது பயாஸின் கவலை. காம்பேக் நிறுவனம் 1982இல் ஐபிஎம்முக்கு இணக்கமான கணினியை அறிவித்ததும், 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் இணக்கமான பயாஸை யாருக்கும் விற்கத் தொடங்கியதும் இந்த ஏற்பாட்டால்தான் முடிந்தது. கேட்ட கேள்விக்குப் பயாஸ் ஒரே மாதிரி பதில் சொல்லும்வரை, போர்டு யார் செய்தது என்பது டாஸுக்கு ஒரு பொருட்டே இல்லை.

1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில் பெரும்பாலான சுவிட்சுகள் போய், பேட்டரியால் உயிரோடிருக்கும் சீமாஸ் மெமரி வந்தது. மொத்தம் 64 பைட். அதில்தான் கடிகாரமும் கணினியின் அமைப்புக் குறிப்புகளும் அடங்கின. ஹார்ட் டிஸ்கின் விவரம் அங்கே ஒரு வகை எண்ணாகப் பதியப்பட்டது. எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட், ஒரு தடத்தில் எத்தனை செக்டர் என்ற பட்டியல் பயாஸுக்குள் இருக்கும். அதில் எத்தனையாவது வரிசை என்பதுதான் அந்த எண். போர்டு மாற்றும் வேலையில் முதல் சறுக்கல் இங்கேதான் நேர்ந்தது. ஒரு நிறுவனத்தின் பட்டியல் இன்னொன்றின் பட்டியலோடு முழுக்க ஒத்துப்போகாது. பழைய போர்டின் எண்ணைப் புதியதில் அப்படியே கொடுத்தால் டிஸ்க் தப்பான அளவில் படிக்கப்படும். பிறகு வந்த பயாஸ்களில் பயனரே அளவுகளைத் தட்டச்சு செய்ய 47ஆம் வகை என்று ஓர் இடம் விடப்பட்டது. டிஸ்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து மூன்று எண்களையும் குறித்துவைத்துக்கொள்வது பழுதுபார்ப்பவர்களின் பழக்கமாயிற்று. 1990களின் நடுவில் 504 மெகாபைட்டைத் தாண்டிய டிஸ்குகள் வந்தபோது, அவற்றை டாஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் முறை பயாஸுக்குப் பயாஸ் வேறுபட்டது. ஒரு முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்கை வேறு முறையில் படிக்கும் போர்டில் மாட்டினால் உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. இவ்வளவு இருந்தும், அந்தக் காலத்துத் தவறுகளெல்லாம் பயாஸ் திரையிலேயே திருத்தக்கூடியவை. டிஸ்கில் இருந்த இயங்குதளத்தைத் தொட வேண்டியதில்லை.

1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95 இந்த நிலையை மாற்றியது. கார்டைச் செருகினால் இயங்குதளமே அதைக் கண்டுபிடித்து டிரைவர் போட்டுக்கொள்ளும் பிளக் அண்ட் பிளே வசதி பெரிய முன்னேற்றம். அதற்கு விலையாக, கண்டுபிடித்த ஒவ்வொன்றும் ரிஜிஸ்ட்ரியில், அதாவது ஹார்ட் டிஸ்கில், எழுதப்பட்டது. போர்டில் இருந்த குறிப்பு டிஸ்குக்கு இடம்பெயர்ந்தது இப்போதுதான். போர்டை மாற்றியதும் டிஸ்கில் இருக்கும் விண்டோஸ், இல்லாத சிப்களைத் தேடும். இருக்கும் சிப்களைப் புதியவை என்று ஒவ்வொன்றாக அறிவிக்கும். இண்டரப்ட் கண்ட்ரோலர், பிசிஐ பஸ், சிஸ்டம் கடிகாரம் என்று நினைத்தே பார்க்காத பெயர்களிலெல்லாம் "புதிய வன்பொருள்" அறிவிப்புகள் வரிசைகட்டி வரும். ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் சிடியைக் கேட்கும். ஆனால் சிடி டிரைவ் மாட்டியிருக்கும் ஐடிஇ கண்ட்ரோலருக்கே இன்னும் டிரைவர் ஏறியிருக்காது. கேட்ட சிடியைப் படிக்க வழியிருக்காது.

இதற்குக் கடைகளில் இரண்டு உபாயங்கள் பரவின. ஒன்று, விண்டோஸ் 98 சிடியில் உள்ள வின்98 ஃபோல்டர் முழுவதையும் முன்கூட்டியே சி டிரைவில் நகலெடுத்து வைப்பது. மற்றொன்று துணிச்சலானது: ரிஜிஸ்ட்ரியில் 'ஈநம்' என்ற கிளையையே அழித்துவிடுவது. விண்டோஸ் தான் கண்ட எல்லா வன்பொருளையும் பட்டியலிட்டு வைத்திருக்கும் கிளை அதுதான். அழித்தபின் கணினியை நிறுத்தி, போர்டை மாற்றி, மறுபடி இயக்கினால், விண்டோஸ் அன்றுதான் அந்தக் கணினியைப் பார்ப்பதுபோல் எல்லாவற்றையும் முதலிலிருந்து கண்டெடுக்கும். மென்பொருள்களும் அமைப்புகளும் வேறு கிளைகளில் இருப்பதால் அவற்றுக்குச் சேதமில்லை. விண்டோஸ் 98இன் உள்ளமைப்பைப் புரிந்துகொண்ட யாரோ கண்டுபிடித்த, மிக நேர்த்தியான வழி இது.

விண்டோஸ் என்டி வழிவந்த இயங்குதளங்களில் இந்த உபாயம் பலிக்கவில்லை. 1993 ஜூலையில் வெளியான என்டி 3.1 இன்டெல் சிப்களில் மட்டுமன்றி மிப்ஸ், ஆல்ஃபா சிப்களிலும் ஓடும்படி எழுதப்பட்டது. போர்டுக்குப் போர்டு மாறும் விஷயங்களை ஹால் என்ற தனி அடுக்கில் ஒதுக்கி, மீதிப் பகுதியை வன்பொருள் சாராமல் வைத்தார்கள். திட்டம் சிறப்பானது. ஆனால் எந்த ஹால் தேவை என்பதை நிறுவும்போது ஒருமுறை தீர்மானித்து, பொருத்தமான கோப்பை ஹால்.டிஎல்எல் என்ற பெயரில் டிஸ்கில் நகலெடுத்துவிடுவார்கள். பிறகு அதை யாரும் சரிபார்ப்பதில்லை. விண்டோஸ் 2000, எக்ஸ்பி காலத்தில், மின்சார மேலாண்மைக்கான ஏசிபிஐ வசதியுள்ள போர்டில் நிறுவிய டிஸ்கை அந்த வசதி இல்லாத போர்டில் மாட்டினால் கணினி கறுப்புத் திரையிலேயே நின்றுவிடும்.

ஹாலைவிட அதிகம் பேரைத் தடுத்தது நீலத்திரை. எக்ஸ்பியின் சின்னம் தோன்றி, அடியில் நீலக் கட்டங்கள் இரண்டு மூன்று முறை ஓடும். சட்டென்று திரை நீலமாகி 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்' என்ற வரியும் 7பி என்று முடியும் பிழை எண்ணும் வரும். சின்னம் வரும்வரை ஓடியது, அதே டிஸ்கிலிருந்துதானே ஏறியது, பிறகு எப்படி டிஸ்க் கிடைக்கவில்லை என்று சொல்கிறது என்ற குழப்பம் புதிதாகப் பார்க்கும் எல்லோருக்கும் வரும். காரணம் எளிதானது. கெர்னலையும் முதல்கட்ட டிரைவர்களையும் மெமரியில் ஏற்றும்வரை விண்டோஸ், டாஸைப் போலவே, பயாஸைக் கேட்டு டிஸ்கைப் படிக்கிறது. கெர்னல் ஓடத் தொடங்கியதும் பயாஸைக் கைவிட்டு, தன் சொந்த டிரைவர் மூலம் டிஸ்கைத் தொட முயல்கிறது. அந்த டிரைவர் பழைய போர்டின் சிப்செட்டுக்கு உரியது. இன்டெல் சிப்செட் இருந்த இடத்தில் வியா சிப்செட் வந்திருந்தால், ஒரு நொடி முன்புவரை படித்துக்கொண்டிருந்த டிஸ்கே விண்டோஸுக்கு எட்டாமல் போய்விடுகிறது. டிரைவர் கோப்பு டிஸ்கிலேயே கிடக்கலாம். ஆனால் எந்த அடையாள எண்ணுள்ள சிப்புக்கு எந்த டிரைவர் என்ற ஆரம்பகட்டப் பட்டியலில் புதிய சிப் இல்லையென்றால் அது எழுப்பப்படுவதில்லை.

ஆகவே தீர்வும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது. விண்டோஸோடு வரும் பொதுவான ஐடிஇ டிரைவர் கிட்டத்தட்ட எந்தச் சிப்செட்டோடும் வேலை செய்யும். போர்டை மாற்றுவதற்கு முன், டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கண்ட்ரோலரைத் திறந்து, நிறுவனத்தின் டிரைவரை விலக்கி 'ஸ்டாண்டர்ட் டூயல் சேனல்' என்ற பொது டிரைவரைத் தேர்ந்தெடுத்து, மறுபடி இயக்காமல் அப்படியே கணினியை நிறுத்திவிட வேண்டும். அடுத்த முறை அது கண் திறப்பது புதிய போர்டில். இதையே விரிவாகச் செய்ய, பழக்கமான எல்லாக் கண்ட்ரோலர்களின் அடையாள எண்களையும் பட்டியலில் சேர்த்துவிடும் சிறு ரிஜிஸ்ட்ரி கோப்பு ஒன்றும் புழக்கத்தில் இருந்தது. மெர்ஜ்ஐடிஇ என்ற பெயரில் அது பென் டிரைவுகளில் பரவியது. அதன் அடிப்படை மைக்ரோசாஃப்ட்டே 314082 என்ற எண்ணிட்ட உதவிக் கட்டுரையில் வெளியிட்ட வழிமுறை.

இவையெல்லாம் பழைய போர்டு ஒருமுறையாவது ஓடினால்தான் நடக்கும். அந்தக் காலத்துப் போர்டுகளுக்கு வந்த நோய் இந்த வகையில் ஓர் உதவியைச் செய்தது. 1999 முதல் 2007 வரை செய்யப்பட்ட ஏராளமான போர்டுகளில் தரமற்ற எலக்ட்ரோலைட் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் இருந்தன. பிராசசரைச் சுற்றி, அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதியில் வரிசையாக நிற்கும் சிறு உருளைகள் அவை. நல்ல நிலையில் அவற்றின் தலை தட்டையாக இருக்கும். உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்காமல் பிளக்க வசதியாகத் தலையில் குறுக்குக் கீறல் போட்டிருப்பார்கள். கெட்டவற்றில் தலை உப்பி, கீறல் வழியாகப் பழுப்பு நிறப் பொருக்கு வெளிவந்து காய்ந்திருக்கும். 2003ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பொறியியல் இதழ்கள் இதை எழுதின. டெல் நிறுவனம் தன் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளில் இத்தகைய போர்டுகளை மாற்றித் தருவதற்காக 2005இல் 30 கோடி டாலரை ஒதுக்கியது. இந்த நோய் ஒரே நாளில் கொல்வதில்லை. கணினி தானாக மறுதொடக்கம் ஆகும், காலையில் முதல் முறை இயங்காமல் நாலாவது முறை இயங்கும், சூடேறினால் சரியாகும். அப்படி ஓடக் கிடைக்கும் சிறிது நேரம்தான் டிரைவரை மாற்றிவைக்க வாய்ப்பு. போர்டு முழுக்க அணைந்துவிட்டால் அந்த வாய்ப்பும் போயிற்று.

முழுக்க அணைந்த போர்டுகளுக்கு ரிப்பேர் இன்ஸ்டால் இருந்தது. புதிய போர்டில் பழைய டிஸ்கை மாட்டி எக்ஸ்பி சிடியிலிருந்து இயக்கினால், முதல் திரையிலேயே பழுதுபார்க்க ஆர் விசையை அழுத்தச் சொல்லும். அதை அழுத்தக் கூடாது. அது கட்டளை வரிக்குத்தான் கொண்டுபோகும். எண்டர் தட்டி, உரிமத்துக்கு எஃப்8 தட்டியபின், பழைய விண்டோஸ் இருப்பதைக் கண்டு இரண்டாம் முறை ஆர் கேட்கும்போதுதான் அழுத்த வேண்டும். சிஸ்டம் கோப்புகளும் ஹாலும் டிரைவர்களும் புதிய போர்டுக்கு ஏற்ப மறுபடி எழுதப்படும்; மென்பொருள்களும் பயனர் கோப்புகளும் அப்படியே நிற்கும். பழைய சிடியாக இருந்தால் அதுவரை போட்ட பாதுகாப்புத் திருத்தங்கள் மறைந்துவிடும் என்பது இதன் பெரிய குறை. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் வைரஸ் பரவிய பிறகு, ரிப்பேர் செய்த எக்ஸ்பியைத் திருத்தங்கள் இல்லாமல் இணையத்தில் இணைத்தால் சில நிமிடங்களிலேயே தொற்றிக்கொள்ளும் அபாயம் இருந்தது. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு ரிப்பேர் செய்யும் பழக்கம் இதனால் வந்தது.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதிலாக டிஸ்கை ஃபார்மேட் செய்து புதிதாக ஓஎஸ் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். அசெம்பிள் செய்த கணினிகள் நிறைந்த ஊர்களில் அப்படிச் செய்வதுதான் சாதாரண வழக்கம். சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்குகிற வாடிக்கையாளர் பல சமயம் புதிய விண்டோஸோடுதான் திரும்புவார். ஆனால் டிஸ்கில் இருப்பது எல்லாம் திரும்ப நிறுவக்கூடியவை அல்ல. யூனிகோட் பரவுவதற்கு முந்தைய தமிழ் டிடிபி கடைகளை எடுத்துக்கொள்ளலாம். பேஜ்மேக்கர், ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியேற்றம் கொண்ட எழுத்துருத் தொகுப்புகள், அவற்றுக்கேற்ற விசைப்பலகை நிரல்கள் எல்லாம் அந்த ஒரு டிஸ்கில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தவை. தமிழக அரசு 1999இல் டாம், டாப் குறியேற்றங்களை அறிவித்த பிறகும் பழைய கோப்புகள் பழைய எழுத்துருக்களிலேயே இருந்தன. எழுத்துருத் தொகுப்பின் மூலப் பிரதி தொலைந்திருந்தால், மறுநிறுவலுக்குப் பின் பழைய கல்யாணப் பத்திரிகைக் கோப்பு ஒன்றைக்கூடத் திறந்து படிக்க முடியாது. கணக்கு மென்பொருள், ஆய்வகக் கருவிகளோடு இணைந்த கணினி, எழுதிய நிறுவனமே மூடப்பட்ட நிரல் என்று இதேபோல் வேறு பலவும் உண்டு. போர்டை மாற்றி டிஸ்கைக் காப்பாற்றும் கலை வளர்ந்ததும், அதற்கு மதிப்பு இருந்ததும் இத்தகைய இடங்களில்தான்.

எக்ஸ்பி இன்னொன்றையும் கொண்டுவந்தது: ஆக்டிவேஷன். 2001 அக்டோபரில் வெளியான அந்த விண்டோஸ், கணினியின் பத்து உறுப்புகளைக் குறித்துவைத்துக்கொண்டு, நிறுவலை அவற்றோடு கட்டிப்போட்டது. நெட்வொர்க் கார்டுக்கு அதில் கூடுதல் எடை. சவுண்ட், நெட்வொர்க், டிஸ்க் கண்ட்ரோலர் எல்லாம் போர்டிலேயே பதிந்துவரத் தொடங்கிய காலம் என்பதால், போர்டை மாற்றினால் ஒரேயடியாகப் பல குறிகள் மாறும். விண்டோஸ் மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும். தொலைபேசியில் நீண்ட எண்ணை வாசித்துக் காட்டி இன்னொரு நீண்ட எண்ணைப் பெற வேண்டும். கணினியோடு சேர்த்து விற்கப்படும் ஓஇஎம் உரிமம் இன்னும் கடுமையானது. போர்டை மேம்படுத்தினால் அது புதிய கணினி, புதிய உரிமம் தேவை என்பது மைக்ரோசாஃப்ட்டின் விதி. பழுதான போர்டை மாற்றினால் மட்டும் பழைய உரிமமே செல்லும் என்று அந்த விதியே விலக்கு அளித்தது. பழுதுபார்ப்பையும் மேம்படுத்தலையும் பிரித்துப் பார்த்த இந்த விலக்கு நியாயமானது. ஆனால் கடைக்காரர்கள் பலருக்கே தெரியாமல் இருந்தது.

லினக்ஸ் இதே காலத்தில் வேறு வழியில் போயிற்று. சிப்செட் டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னலோடு சேர்ந்தே வருவதால், வன்பொருளை ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிதாகத் தேடுவது அங்கே இயல்பாக அமைந்தது. ரெட் ஹாட் லினக்ஸில் குட்ஸு என்ற நிரல் தொடக்கத்தில் எட்டிப் பார்த்து, இன்ன கார்டு போய்விட்டது, இன்னது வந்திருக்கிறது, அமைப்பை மாற்றட்டுமா என்று கேட்கும். சிக்கல் வந்த இடம் இனிட்ஆர்டி. டிஸ்க் டிரைவரைச் சுமந்துவரும் அந்தச் சிறு ஆரம்பத் தொகுப்பில் பழைய போர்டுக்கு வேண்டியவை மட்டும் இருந்தால், புதிய போர்டில் ரூட் பகிர்வு கிடைக்காமல் கெர்னல் நின்றுவிடும். விண்டோஸின் 7பி நோய்க்கு நேரான நோய் இது. ஆனால் மீட்பு சிடியிலிருந்து இயக்கித் தொகுப்பைப் புதிதாகச் செய்துவிட்டால் தீர்ந்தது. டெபியன் எல்லாப் பொதுவான டிரைவர்களையும் தொகுப்பில் சேர்ப்பதையே வழக்கமாக வைத்துக்கொண்டதால், அதில் இந்தச் சிக்கல் அரிது. மற்றொரு தொல்லை நெட்வொர்க் பெயர். முதல் கார்டின் மேக் முகவரியை ஈத்0 என்ற பெயரோடு ஒரு கோப்பில் எழுதிவைத்திருப்பதால், புதிய போர்டின் கார்டு ஈத்1 ஆகிவிடும். சர்வர் இயங்கும், யாராலும் எட்ட முடியாது. அந்த ஒரு கோப்பை அழித்தால் போதும் என்று தெரியாமல் இரவு முழுவதும் உட்கார்ந்த நிர்வாகிகள் உண்டு.

விண்டோஸ் விஸ்டாவும் (2007) விண்டோஸ் 7உம் (2009) ஹால் பிரச்சினையைத் தணித்தன. பொருத்தமான ஹாலைத் தொடக்கத்திலேயே கண்டறியும்படி அமைக்க முடிந்தது. பொது டிரைவர்களும் பெருகின. எனினும் சாட்டா டிஸ்குகளுக்கான ஏஹெச்சிஐ முறையில் பழைய வினை திரும்பியது. நிறுவும்போது தேவைப்படாத டிஸ்க் டிரைவர்களை, தொடக்கம் விரைவாக இருக்கட்டும் என்று விண்டோஸ் உறங்கவைத்துவிடும். ஐடிஇ முறையில் நிறுவிய டிஸ்கை ஏஹெச்சிஐ முறையில் அமைந்த புதிய போர்டில் மாட்டினால் அதே நீலத்திரை. ரிஜிஸ்ட்ரியில் ஏஹெச்சிஐ டிரைவரின் தொடக்க எண்ணை 3இலிருந்து 0 ஆக்கினால் சரியாகிவிடும். பயாஸில் முறையைப் பழையபடி மாற்றினாலும் ஓடும்.

தொழில்நுட்ப அளவில் இந்தக் கதை ஏறத்தாழ முடிந்தது 2012இல். விண்டோஸ் 8இன் எண்டர்பிரைஸ் பதிப்பில் விண்டோஸ் டு கோ என்ற வசதி வந்தது. யுஎஸ்பி டிரைவில் இருக்கும் ஒரே விண்டோஸை இன்று ஒரு கணினியிலும் நாளை வேறொன்றிலும் மாட்டி ஓட்டலாம். முதல் முறை வன்பொருளைக் கண்டெடுக்கும். அடுத்த முறை நினைவு வைத்துக்கொள்ளும். போர்டு மாறுவதை விபத்தாக நினைத்த விண்டோஸ், அதை அன்றாட நிகழ்வாக ஏற்றுக்கொண்டது இங்கேதான். 2020இல் அந்த வசதி நீக்கப்பட்டது. ஆனால் விண்டோஸ் 10, 11 இரண்டிலும், டிஸ்கை வேறு போர்டில் மாட்டினால் 'சாதனங்கள் தயாராகின்றன' என்ற வரி சற்று நேரம் ஓடி, பெரும்பாலும் நேராக டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. இன்டெல்லின் 11ஆம் தலைமுறைச் சிப்களோடு பரவிய விஎம்டி அமைப்புபோல, பொது டிரைவர் எட்டாத கண்ட்ரோலர் வரும்போது மட்டும் பழைய நீலத்திரை எட்டிப் பார்க்கிறது.

டிரைவர் தடை விலகியபோது அடையாளத் தடைகள் வலுத்தன. பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ வந்தபின், எந்த டிஸ்கில் எந்தக் கோப்பிலிருந்து தொடங்குவது என்ற குறிப்பு போர்டின் மெமரியில் எழுதப்படுகிறது. 1981இல் சுவிட்சுகளாக இருந்த குறிப்பு சுற்றிவந்து போர்டிலேயே சேர்ந்துவிட்டது. புதிய போர்டுக்கு அந்தக் குறிப்பு தெரியாது. விண்டோஸ் தன் தொடக்கக் கோப்பின் நகல் ஒன்றைப் பொது இடத்திலும் வைப்பதால் தப்பிக்கிறது. லினக்ஸில் சில சமயம் கையால் எழுத வேண்டிவரும். விண்டோஸ் 10 முதல் உரிமம் மைக்ரோசாஃப்ட் சர்வரில் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் வந்த 1607 பதிப்பிலிருந்து, பயனர் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உரிமத்தை முன்பே இணைத்திருந்தால், 'அண்மையில் வன்பொருளை மாற்றினேன்' என்று தேர்ந்தெடுத்து அதைப் புதிய போர்டுக்கு மாற்றக் கோரலாம். மறைகுறியாக்கம்தான் இன்றைக்கு மிகக் கடுமையான தடை. விண்டோஸின் மறைகுறியாக்க வசதியான பிட்லாக்கர் தன் சாவியை டிபிஎம் சிப்பில் பூட்டிவைக்கிறது. அந்தச் சிப் போர்டிலோ பிராசசரிலோ இருக்கிறது. போர்டு போனால் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் டிஸ்கைத் திறக்க வழியே இல்லை. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும்போது இந்த மறைகுறியாக்கத்தைத் தானாகவே போட்டுவிடுகிறது. தங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பது பலருக்கு போர்டு பழுதாகும் நாளில்தான் தெரியவருகிறது. போர்டு அரைகுறையாக ஓடும்போதே பிட்லாக்கரை நிறுத்திவைப்பதும், மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதிவைப்பதும், எக்ஸ்பி காலத்தில் ஐடிஇ டிரைவரை மாற்றிவைத்த அதே முன்னேற்பாட்டின் இன்றைய வடிவம்.

மெல்லிய மடிக்கணினிகளில் இந்த வழக்கத்துக்கே இடமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. 2016 முதல் ஆப்பிளின் டச் பார் மேக்புக் ப்ரோக்களில் சேமிப்பகச் சிப்கள் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டன. 2018இல் அவற்றில் டி2 பாதுகாப்புச் சிப் வந்தபின் மறைகுறிச் சாவியும் அதே போர்டில் அடங்கிவிட்டது. மலிவான பல விண்டோஸ் மடிக்கணினிகளிலும் சேமிப்பகம் போர்டோடு ஒட்டியே வருகிறது. அங்கே போர்டை மாற்றினால் இயங்குதளமும் கோப்புகளும் அதோடு போய்விடும். கழற்றி எடுத்து மாட்ட டிஸ்க் என்று தனியாக ஒன்று இல்லை. அத்தகைய கணினிக்கு, முன்பே எடுத்துவைத்த நகலிலிருந்து புதிய போர்டில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றுவது ஒன்றுதான் வழி.